பட்டை ஏற்றினால் பாரம் தாங்குமா?

"சார், பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டிடுவோம். அப்புறம் ஒன்றரை டன் தூக்கிப் போட்டாலும் வண்டி அசையாது."

பழைய பிக்கப் வாங்கிய உழவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் சரி என்றும் தலையாட்டினேன். பதினோரு வருடம் ஓடிய வண்டி அது. விளைச்சலை இடைத்தரகர் இல்லாமல் சேலத்தில் இருக்கும் இயற்கை அங்காடிகளுக்கு நானே கொண்டுபோக வேண்டும் என்று வாங்கினேன். தக்காளி, ராகி, சாமை, கொஞ்சம் மஞ்சள். வாரம் ஒரு நடை.

பட்டை கட்டிய பிறகு வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 55 கிரேட் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தருமபுரியில் இருந்து சேலம் போக வேண்டும் என்றால் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். பாதி இறக்கத்தில் ஏதோ கருகுகிற வாடை. பிரேக் பெடல் மெதுமெதுவென்று உள்ளே போனது. இன்னும் அழுத்தினேன், வண்டி நிற்கிற மாதிரி இல்லை. கியரை மூன்றுக்கும், அப்புறம் இரண்டுக்கும் மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, எப்படியோ ஓரம் கட்டினேன். முன்சக்கரம் இரண்டிலும் புகை. கை நடுக்கம் நிற்கக் கால்மணி நேரம் ஆனது.

தொப்பூர் எப்படிப்பட்ட இடம் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் அங்கே வரிசையாக நின்ற கார்களின் மேல் ஒரு லாரி மோதி நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை எத்தனையோ. அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்திருப்பேன், வேறு யாரையாவதும் சேர்த்திருப்பேன்.

அதன் பிறகு பழைய வண்டியைச் சீர்படுத்துவது பற்றிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும், வாங்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

வண்டி ஏமாந்த கதை

தருமபுரியில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்தார். "சார், இந்த வண்டிக்குத் தெரிஞ்ச வரைக்கும் நீங்க காலியாத்தான் போயிருக்கீங்க" என்றார்.

விஷயம் இதுதான். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும். அந்தக் கம்பி ஒரு வால்வோடு சேர்ந்திருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அப்போது வால்வு பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். குறைக்காவிட்டால் எடையில்லாத பின்சக்கரம் இறுகிப்போய் வண்டி சுற்றிக்கொள்ளும். பாரம் ஏற்றினால் பட்டை அமுங்கும், பின்பக்கம் தாழும், கம்பி நகரும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுக்கும்.

கூடுதல் பட்டை கட்டினால் என்ன ஆகும்? ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது. வால்வு "வண்டி காலி" என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். மொத்தப் பாரத்தையும் முன் பிரேக் தாங்க வேண்டும். சமதரையில் இது தெரியவே தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும்.

எனக்குப் பட்டை கட்டிய பட்டறையில் அந்த வால்வைத் தொடவே இல்லை. தொட வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

பட்டை என்ன செய்கிறது?

நம் தாத்தாக்கள் ஓட்டிய வில்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த அதே வில்தான் பிக்கப்பின் அடியிலும் இருக்கிறது. நீளமான மெயின் பட்டை, அதன் கீழே வரவரக் குட்டையாகும் பட்டைகள், நடுவில் சென்டர் போல்ட், அச்சோடு இறுக்கிப் பிடிக்க யு போல்ட். பள்ளத்தில் விழும்போது பட்டைகள் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே தடிமனில் ஆறு பட்டை இருக்கும் இடத்தில் ஏழாவது சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிமனை மாற்றினால் கதையே வேறு. 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காரணம், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. "ரெண்டு மில்லிதானே சார்" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

வில் விறைத்தால் வண்டியின் தாங்கும் சக்தி கூடிவிடுமா? கூடாது. பாரத்தைத் தாங்குவது பட்டை மட்டும் இல்லை. அச்சு, வீல் பேரிங், சேஸிஸ், டயர், பிரேக் எல்லாம் சேர்ந்துதான் தாங்குகின்றன. சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் தடிமனாக்கினால் அடுத்த வளையம் அறும். பட்டை உடைவதற்குப் பதில் சேஸிஸில் விரிசல் விடும். பின்பக்கம் உயர்ந்ததால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும், கிராஸ் சீக்கிரம் தேயும்.

நமக்கு இன்னொரு நட்டமும் உண்டு. விறைத்த வில்லில் பாரம் குறைவாகப் போனால் குலுக்கல் முழுவதும் சரக்கின் மேல் இறங்கும். மேல் அடுக்குக் கிரேட்தான் அதிகம் ஆடும். மருந்தடிக்காமல், செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்த தக்காளி, சேலம் போய்ச் சேரும்போது சாறு ஒழுகினால் யார் வாங்குவார்கள்?

முதல் வேலை எடைமேடையில்

வண்டிக்குச் செலவு செய்யும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண் இருக்கும். என் வண்டிக்கு 1,640 கிலோ, 2,840 கிலோ. கழித்தால் 1,200 கிலோ. இதில் ஓட்டுநரும் உடன் வருபவரும் அடக்கம், 130 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரேட் தக்காளி 25 கிலோ, கிரேட் 2 கிலோ. ஆக 39 கிரேட்தான் ஏற்றலாம். நான் ஏற்றியது 55. அனுமதித்ததைவிட 415 கிலோ அதிகம்.

எடைமேடைக்குப் போனால் முழு வண்டியையும் எடை போட்டபின், பின்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு முறை போடுங்கள். பாரம் எந்த அச்சில் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். கனமான மூட்டைகள் பின் கதவை ஒட்டி இல்லாமல், பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். வால் பக்கம் பாரம் கூடினால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போகும்.

வில்லைப் பழையபடி ஆக்குவது

பழைய வண்டிக்கு வேண்டியது கூடுதல் பட்டை இல்லை, ஒழுங்கான பட்டை. நான் செய்தது இந்த வரிசையில்:

1. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்தில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்தேன். இடப்பக்கமும் வலப்பக்கமும் விரல் அளவு வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

2. சேர்த்துக் கட்டிய பட்டைகளைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் கம்பெனிப் பட்டையில் இரண்டு உடைந்திருந்தன. அதே நீளம், அகலம், தடிமனில் மாற்றினேன். பட்டையை வெல்டு வைக்கக் கூடாது. வெல்டு பக்கத்திலேயே மறுபடி உடையும்.

3. வளைவு தளர்ந்த பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறேன் என்பார்கள். அப்படிக் காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும். சில மாதத்தில் திரும்பவும் தளரும். சூடேற்றாமல் பிரஸ்ஸில் வளைப்பவரிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

4. ரப்பர் புஷ், ஷேக்கிள் பின், யு போல்ட் எல்லாம் புதிது. பழைய யு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டாம். புதியதையும் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.

5. ஷாக் அப்சார்பர் நான்கும் மாற்றினேன். வில் அதிர்ச்சியை வாங்கும், ஆனால் ஆட்டத்தை நிறுத்துவது ஷாக்தான். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது.

6. கடைசியாக லோடு சென்சிங் வால்வை கம்பெனிக் கையேட்டில் உள்ள அளவுக்கு செட்டிங் செய்தோம். பட்டையில் எந்த வேலை செய்தாலும் இதையும் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இழுவைக்கு என்ன செய்யலாம்?

வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் சாமையும் மிளகும் எடுக்கப் போகிறவர்களுக்கு வண்டி இழுக்கவில்லை என்பதுதான் குறை. உடனே எஞ்சினில் கை வைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் சக்தி எங்கே வீணாகிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் அடைப்பு, வழுக்குகிற கிளட்ச் பிளேட், பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர். இவற்றைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீரும்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய, மேட்டில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்திருக்கிறது. மாற்றும்போது பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலியில் முடியும். மேட்டில் பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

அடுத்தது கிரவுன் பினியன். பின் அச்சு ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி. பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல் என்றால் விகிதம் 4.11. அதாவது ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இதையே 9க்கு 41 என்று மாற்றினால் 4.56. இழுவை 11 சதவீதம் கூடும். இதற்கு விலையும் உண்டு. முன்பு 60 கிலோமீட்டர் வேகத்தில் போன அதே எஞ்சின் சுற்றில் இப்போது 54 கிலோமீட்டர்தான் போகும். நெடுஞ்சாலையில் டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். கியர்பாக்ஸில் இருந்து ஓடும் ஸ்பீடோ மீட்டர் 60 என்றே காட்டும், அதையும் திருத்த வேண்டும்.

என் வண்டியின் மாடலிலேயே கம்பெனி இரண்டு விகிதம் கொடுத்திருந்தது. மேட்டுக்கு ஏற்றதை மாற்றிக்கொண்டேன். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். பல் பதிவதை மை தடவிப் பார்த்து செட்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். எப்போதும் சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்தச் செலவே தேவையில்லை.

பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்று சிலர் மாற்றுகிறார்கள். டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால் இழுவை அதே அளவு குறையும். கிரவுன் பினியனில் காசு கொட்டிச் சேர்த்ததில் பாதியை டயரில் இழப்பது போல.

ஏறுகிற கியரில் இறங்கு

அன்று தொப்பூரில் ஓரம் நின்றபோது ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். ட்ரம்மில் தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்தார். சூட்டில் தண்ணீர் பட்டால் ட்ரம் விரிசல் விடுமாம். "எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அந்தக் கியர்லதான் இறங்கணும் பெரியவரே" என்றார்.

ஏன் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,840 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், 8 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அந்தச் சூடு முழுவதும் பிரேக் லைனரில் இறங்கினால் லைனர் பிடிமானம் இழக்கும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது பெரும் தவறு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் வராது. நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் செலவாகும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் பூஸ்டரும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் துணைக்கு வராது. கிரவுன் பினியன் மாற்றியதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். எஞ்சின் முன்பைவிட நன்றாகப் பிடித்து நிறுத்துகிறது.

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய்.

தேய்ந்த பாகத்துக்குக் கம்பெனி அளவிலேயே புதிது போடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். அளவு மாறுகிற எதையும் செய்யும் முன் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிடுங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், எப்படியும் அவர் முன் நிற்கத்தான் போகிறோம்.

வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்து ஒப்புதலும் வாங்குங்கள். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். விபத்துக்குப் பின் சர்வேயர் முதலில் பார்ப்பது பாரச் சீட்டையும் வண்டியின் மாற்றங்களையும்தான். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீட்டை மறுக்க நாமே எழுதிக் கொடுத்த கடிதம் மாதிரி.

வண்டியை வயலுக்குள் விடாதீர்கள்

சேற்றில் ஏற நான்கு சக்கர இழுவை வேண்டும், பட்டன் டயர் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. என் பதில், வயலுக்குள் வண்டியே வேண்டாம். டயரின் காற்றழுத்தம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தம் மண்மேல் விழும். 50 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ. ஈர மண்ணில் ஒருமுறை ஓட்டினாலே தடம் இறுகிவிடும். வருடக்கணக்கில் தொழுவுரமும் மூடாக்கும் போட்டு மண்புழுவை வரவழைத்துவிட்டு, அதன்மேல் இரண்டரை டன்னை ஏற்றலாமா? வரப்போரம் கிராவல் போட்டு ஒரு பாதை அமைத்தேன். அங்கிருந்து களத்துக்குத் தள்ளுவண்டிதான்.

செலவும் வரவும்

பட்டை 7,200. புஷ், பின், யு போல்ட் 3,400. ஷாக் 6,800. கிளட்ச் செட் 10,500. கிராஸ் இரண்டு 1,600. கிரவுன் பினியன், பேரிங் 21,500. பிரேக் லைனர், வால்வு செட்டிங் 6,000. கூலியோடு மொத்தம் 57,000 ரூபாய். ஒரே நாளில் செய்யவில்லை, பிரேக்கும் பட்டையும் முதலில், கிரவுன் பினியன் கடைசியில் என்று ஒரு வருடத்தில் செய்தேன்.

லாபமா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். முன்பு 55 கிரேட்டில் கிரேட்டுக்கு 3 கிலோ நசுங்கி, விற்றது 1,210 கிலோ. இப்போது 39 கிரேட்டில் கிரேட்டுக்கு ஒரு கிலோதான் கழிவு, விற்பது 936 கிலோ. ஒரு நடைக்கு 274 கிலோ குறைவு. அதைச் சரிக்கட்ட, அறுவடை உச்சத்தில் பக்கத்துத் தோட்டத்து நண்பர்கள் இருவரோடு சேர்ந்து வாரம் இரண்டு நடை போகிறோம். டீசலை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம்.

போன வாரம் தொப்பூரில் மூன்றாவது கியரில் மெல்ல இறங்கினேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே போய் இறங்கி முன்சக்கரத்தின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். இளஞ்சூடுதான் இருந்தது.